கள்ள வாக்கும் போலிக் கணக்கும்

தேர்தல் நாளன்று காலையிலே ஒருவன் வாக்குச் சாவடிக்குள் நுழைகின்றான். இறந்து மூன்று ஆண்டுகள் கழிந்துவிட்ட அயலவர் ஒருவரின் பெயரைத் தன் பெயராகக் கூறி வாக்குச் சீட்டைக் கேட்கின்றான். அவனைக் கள்ள வாக்காளன் என்கிறோம். அவன் செயலைச் சட்டம் ஆள்மாறாட்டம் என்கிறது. தேர்தற் குற்றங்களுட் கொடியவற்றின் வரிசையில் வைத்துத் தண்டனையும் விதிக்கிறது. அவனைத் தடுப்பதற்காகவே வேட்பாளரின் முகவர்கள் சாவடியில் அமர்ந்திருக்கின்றனர். அடையாள அட்டை கேட்கப்படுகின்றது. இடாப்பிலே பெயர் கோடிடப்படுகின்றது. விரலில் மை பூசப்படுகின்றது. ஒரேயொரு கள்ள வாக்கு விழுந்துவிடக் கூடாதென்பதற்காக இத்தனை காவல்!

காவல் வேண்டியதே. ஆனால், யாருக்கு வாக்களிப்பது என்று அந்த வாக்காளன் முடிவு செய்த இடம் வாக்குச் சாவடியன்று. அதற்கு முந்திய பல மாதங்களாக அவன் கையிலிருந்த கைத்தொலைபேசியிலேதான் அம்முடிவு பெரும்பாலும் உருவாயிற்று. அங்கே, முகநூலிலும் டிக்டொக்கிலும் வட்ஸ்அப் குழுக்களிலும், முன்னர் ருவிற்றர் என்றழைக்கப்பட்ட எக்ஸ் தளத்திலும், நாள்தோறும் ஆயிரமாயிரங் கள்ள வாக்குகள் விழுந்துகொண்டிருக்கின்றன. அங்கே ஆட்சேபிக்க முகவர் இல்லை. கோடிட இடாப்பு இல்லை. மை பூசுவதற்கு விரல்தானும் இல்லை.

போலிக் கணக்குகள் மூவகைப்படும். முதலாவது, உயிரோடிருக்கும் ஒருவரின் பெயரையும் படத்தையும் களவாடி, அவர் அறியாமலே அவராக நடிக்குங் கணக்கு. இரண்டாவது, உலகில் எங்குமே இல்லாத ஒருவரைப் படைத்து, அவருக்கொரு பெயரும் ஊரும் முகமும் கொடுத்து உலவவிடுங் கணக்கு. மூன்றாவது, மனிதர் எவருமின்றி இயந்திர நிரலால் இயங்குங் கணக்கு. இதனைப் பொட் என்பர். ஏவியதை ஏவிய நேரத்திற் கக்குவது அதன் தொழில். முன்னர் இவை ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பக் கூறியமையால் இலகுவிற் பிடிபட்டன. செயற்கை நுண்ணறிவு வந்த பின்னர் ஒவ்வொன்றும் வெவ்வேறு நடையிற் பேசக் கற்றுவிட்டது; தமிழிலும் பேசுகின்றது. முகத்தையுங்கூட இனிக் களவெடுக்க வேண்டியதில்லை. பிறவாத மனிதரின் முகத்தைக் கணினியே வரைந்து கொடுத்துவிடும்.

இது விளையாட்டுப் பிள்ளைகளின் குறும்பு என்று எண்ணியிருப்போர் சில உண்மைகளைச் சிந்திக்க வேண்டும். 2017 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தாய்லாந்துப் பொலிசார் கம்போடிய எல்லைக்கு அணித்தான ஒரு வீட்டிற் புகுந்தபோது, தட்டுத் தட்டாக அடுக்கி வைக்கப்பட்டிருந்த நானூற்றுக்கு மேற்பட்ட ஐபோன்களையும், மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட சிம் அட்டைகளையும் கண்டனர். விருப்பக் குறிகளையும் பார்வை எண்ணிக்கையையும் உற்பத்தி செய்த தொழிற்சாலை அது. 2018 ஜனவரியில் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை, டெவுமி என்ற அமெரிக்க நிறுவனத்தின் வியாபாரத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. குறைந்தது 35 இலட்சம் தானியங்கிக் கணக்குகளை வைத்துக்கொண்டு, ஏறக்குறைய 20 கோடி பின்தொடர்வோரை அந்நிறுவனம் தன் வாடிக்கையாளருக்கு வழங்கியிருந்தது. அவற்றுட் குறைந்தது 55,000 கணக்குகள் உண்மையான மனிதரின் பெயரையும் படத்தையும் களவாடிச் செய்யப்பட்டவை. அடுத்த ஆண்டு நேட்டோ அமைப்போடு சேர்ந்த ஆய்வு நிலையமொன்று வெறும் 300 யூரோவைச் செலவிட்டுச் சந்தையைச் சோதித்துப் பார்த்தது. அப்பணத்துக்கு 54,000 வரையான விருப்பங்கள், கருத்துரைகள், பார்வைகள், பின்தொடர்தல்கள் கிடைத்தன. ஒரு கூட்டத்துக்கு மேடையும் ஒலிபெருக்கியும் பந்தலும் அமைக்கப் போதாத பணத்துக்கு, ஒரு பட்டினத்து மக்கள் தொகையையே விலைக்கு வாங்கலாம் என்றாயிற்று.

இனி, இதனால் நமக்கென்ன என்று வினவலாம். நமக்கே முதலில் வினை!

எண்ணிக்கையின் அரசியலை இத்தீவின் தமிழ் பேசும் மக்களைப் போல அனுபவித்தறிந்தவர் யார்? 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத்தில் இலட்சக்கணக்கான தமிழ்த் தொழிலாளரை நாடற்றோராக்கிற்று. அடுத்த ஆண்டில் அவர்களின் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1956 இல், கைகளை எண்ணியே சிங்களம் மட்டுஞ் சட்டம் நிறைவேற்றப்பட்டது. நியாயம் எப்பக்கம் என்று கேட்டோரிடம், எத்தனை பேர் எப்பக்கம் என்றே விடை கூறப்பட்டது. மெய்யான மனிதரை எண்ணிக்கையிலிருந்து நீக்கிய நாடு இது. அந்நாட்டிலே இன்று, இல்லாத மனிதர் எண்ணிக்கையிற் சேர்க்கப்படுகின்றனர். தலைகளை எண்ணும் ஆட்சியிற் சிறுபான்மையோருக்கு இயல்பாகவே இடர் உண்டு. தலையில்லாதவற்றையும் எண்ணத் தொடங்கினால் அவ்விடர் எத்தனை மடங்காகும் என்று கூறவும் வேண்டுமோ?

2018 ஆம் ஆண்டில் நடந்ததை மறவாதிருப்போம். அவ்வாண்டு பெப்ரவரி 26 ஆந் திகதி இரவு அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் உணவுச்சாலையில், கறியிற் கிடந்த கட்டியொன்றைக் காட்டி, இது ஆண்மையைக் கெடுக்கும் மருந்துதானே என்று ஒருவர் கேட்டார். கேட்டது சிங்களத்தில். உணவுச்சாலைக்காரரோ தமிழ் பேசுபவர். சிங்களம் சரிவர அறியாதவர். சூழ்ந்து நின்ற கூட்டத்தின் நடுவே, கேள்வியை விளங்காமலே ஆமென்ற பாவனையில் ஏதோ கூறினார். அது ஒளிப்பதிவாகி முகநூலில் ஏறியது. அன்றிரவே கடையும் பள்ளிவாசலும் தாக்குதலுக்குள்ளாயின. அது வெறும் மாக்கட்டியே என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பின்னர் அறிக்கை கொடுத்தார். அறிக்கை வருமுன்னே பொய் கண்டி மாவட்டத்தை அடைந்துவிட்டது. மார்ச் முதல் வாரத்தில் திகனையிலும் தெல்தெனியாவிலும் அவற்றின் சுற்றுப்புறங்களிலும் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. மார்ச் 6 ஆந் திகதி அவசரகால நிலை பிரகடனமாயிற்று. மறுநாள் முகநூலும் வட்ஸ்அப்பும் வைபரும் முடக்கப்பட்டன. ஈராண்டு கழித்து, 2020 மே மாதத்திலே, தன் தளம் துஷ்பிரயோகத்துக்கு உள்ளானமைக்காக முகநூல் நிறுவனம் மன்னிப்புக் கோரியது. மன்னிப்பினால் எரிந்த வீடு எழுந்துவிடுமோ?

அப்பொய்யைப் பரப்பியோர் யாவரும் போலிகள் என்று யாம் கூறவில்லை. தம் சொந்தப் பெயரோடும் முகத்தோடும் நின்று வெறுப்பை விதைத்தோரும் இருந்தனர். எனினும் ஒரு பொய்யை ஆயிரம் பேர் நம்புகின்றனர் என்ற தோற்றமே ஆயிரத்தோராவது மனிதனை நம்பச் செய்கின்றது. அந்தத் தோற்றத்தைக் காசு கொடுத்து உண்டாக்க முடியும் என்பதே இங்கு அபாயம். கண்டிக் கலவரத்துக்குச் சில வாரங்கள் முன்னரே, 2018 ஜனவரியில், சஞ்சன ஹத்தொட்டுவவும் அவருடன் சேர்ந்த ஆய்வாளரும் கிரவுண்ட்வியூஸ் தளத்தில் ஓர் ஆய்வை வெளியிட்டு, இலங்கை அரசியலைச் சூழ்ந்து ருவிற்றரிலே பொட்கள் பெருகிவருவதை எடுத்துக்காட்டி எச்சரித்திருந்தனர். எச்சரிக்கை கேட்பாரற்றுக் கிடந்தது.

அயல்நாடுகளிலும் இதே கதைதான். மியன்மாரிலே பாடகர், அழகுராணி முதலியோரின் பெயர்களில் நடத்தப்பட்ட முகநூற் பக்கங்களின் பின்னால் இராணுவத்தினரே இருந்தனர் என்பது 2018 ஒக்ரோபரில் வெளியாயிற்று. பாட்டுக் கேட்கவென்று சேர்ந்த மக்களுக்கு அப்பக்கங்கள் ரோகிங்கிய முஸ்லிம்களின் மீதான பகைமையை ஊட்டின. 2017 ஓகஸ்ட் முதலாக ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட ரோகிங்கியர் வங்காளதேசத்துக்கு ஓட நேர்ந்த கொடுமைக்கு நிலம் இவ்வாறே பண்படுத்தப்பட்டது. இந்தியாவில் 2019 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலுக்குச் சில நாட்களின் முன்னர், காங்கிரஸ் கட்சியின் தகவல் தொழில்நுட்பப் பிரிவைச் சார்ந்தோருடன் தொடர்புடையவை என்று கூறி, 687 பக்கங்களையும் கணக்குகளையும் முகநூல் நீக்கியது. ஆளுங்கட்சிக்குச் சார்பான பக்கங்களை நடத்திய நிறுவனமொன்றுடன் தொடர்புடையனவும் அதே நாளில் நீக்கப்பட்டன. எந்தக் கொடியும் இக்கறையிலிருந்து தப்பவில்லை.

பிறரைக் குறைகூறியது போதும். நம் முற்றத்தையும் பார்ப்போம்.

முகமூடி நமக்குப் புதியதன்று. போர்க்காலத்துச் சுற்றிவளைப்புகளை மறந்தவர் மானிப்பாயில் இல்லை. யாழ்ப்பாணத்தில் எவ்வூரிலும் இல்லை. ஊரவரை வெளியிற் கொண்டுவந்து வரிசையில் நடக்க விடுவர். தலையை மூடிய ஒருவன் வாகனத்திலிருந்து பார்த்துக்கொண்டிருப்பான். அவன் தலை அசைந்தால், எதிரே நின்ற பிள்ளை வீடு திரும்புவது நிச்சயமில்லை. தலையாட்டி என்று அவனுக்குப் பெயர். அவன் யார், என்ன பகையால் ஆட்டினான், அடிக்கு அஞ்சி ஆட்டினானா என்று கேட்க எவராலும் முடியவில்லை. மானிப்பாய்த் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராக 1977 இல் தெரிவாகிய வி. தர்மலிங்கம் 1985 செப்ரெம்பரிற் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டதும் பெயர் கூறாது வந்தவர்களாலேதான். பெயரில்லாத குற்றச்சாட்டும் முகமில்லாத தீர்ப்பும் ஒரு சமுதாயத்தை என்ன செய்யும் என்பதை நூல்களிற் படித்து அறிய வேண்டிய நிலையில் நாம் இல்லை.

அவ்வாறிருந்தும், நம்மவர் கைத்தொலைபேசியை எடுத்தவுடன் செய்வது என்ன? ஒருவரைத் துரோகி என்பதற்குப் போலிக் கணக்கு. ஒரு பெண் பொதுவாழ்வில் அடியெடுத்து வைத்தால், அவளின் ஒழுக்கத்தைத் தெருவில் இழுப்பதற்குப் போலிக் கணக்கு. சாதியின் பெயரால் ஒருவரை இழிவுபடுத்துவதற்குப் போலிக் கணக்கு. வெளிச்சத்திற் சொல்ல நாணுகின்ற அப்பழைய அழுக்கு இருட்டில் உரத்துப் பேசுகின்றது. இளம்பெண்களின் படங்களை எடுத்து அவர்கள் பெயரிற் கணக்குத் திறந்து அலைக்கழிப்போரும் உளர். புலம்பெயர்ந்த நாடுகளில் இருந்துகொண்டு, இங்குள்ளோரின் பெயர்போலத் தோன்றும் கணக்குகளால் இங்குள்ளோருக்குப் புத்தி புகட்டுவோரும் உளர். முன்னொரு காலத்தில் மொட்டைக் கடிதம் எழுதியவன் முத்திரைக்காவது காசு செலவழித்தான். கையெழுத்தை மாற்றியெழுதும் சிரமத்தையாவது பட்டான். இன்றோ அச்சிரமமும் இல்லை.

நமது அரசியற் கட்சிகளும் இதில் நிரபராதிகள் என்று சொல்வதற்கில்லை. தலைவர்கள் மேடையிற் கண்ணியம் பேசுகின்றனர். அவர்களுக்காக முகமூடிகள் கைத்தொலைபேசியில் வசை பாடுகின்றன. வசை பாடுவோரைத் தெரியாது என்கின்றனர் தலைவர்கள். வசையின் பயனை மாத்திரம் ஏற்றுக்கொள்கின்றனர்.

தோல்வியடைந்தோருக்கும் ஒரு வார்த்தை. 2024 நவம்பர் 14 ஆந் திகதிப் பொதுத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தின் 6 ஆசனங்களுள் 3 ஆசனங்களைத் தேசிய மக்கள் சக்தி பெற்றது. இது சமூக ஊடக மாயை என்றும், போலிகளின் பிரசாரம் என்றும் கூறித் தேறுதலடையும் தமிழ்த் தலைவர்கள் தம் மக்களை அவமதிக்கின்றனர். அவ்வாக்குகளை இட்டவர்கள் நம் ஊர் மனிதர். மை பூசிய விரலுடையவர். அவர்கள் ஏன் அவ்வாறு வாக்களித்தனர் என்று நேரிற் போய்க் கேட்கும் துணிவு வேண்டும். போலிக் கணக்கு உண்டென்பது மெய். தோற்ற ஒவ்வொருவனுக்கும் அது சாட்டாகிவிடக் கூடாதென்பதும் மெய்.

இனிப் பரிகாரம் யாதென ஆராய்வோம். அரசாங்கத்தின் பரிகாரத்தை முதலில் நோக்குவோம்.

2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம், அவ்வாண்டு ஜனவரி 24 ஆந் திகதி பாராளுமன்றத்தில் 108 வாக்குகளால் நிறைவேறியது. எதிராக 62 வாக்குகள் விழுந்தன. பொட்களைப் பற்றியும், உண்மையல்லாத நிகழ்நிலைக் கணக்குகளைப் பற்றியும் அச்சட்டம் பேசுகின்றது. மேற்பார்வைக்குச் சனாதிபதியால் நியமிக்கப்படும் ஐவர் கொண்ட ஆணைக்குழுவையும் ஏற்படுத்துகின்றது. பொய்க் கூற்று என்று தீர்க்கப்பட்டதைப் பரப்புவோருக்குச் சிறைத்தண்டனையும் உண்டு. மசோதாவின் பல பிரிவுகள் திருத்தப்பட வேண்டுமென உயர் நீதிமன்றம் கூறியிருந்தது. அத்திருத்தங்கள் யாவும் முறையாகச் சேர்க்கப்படாமலே சட்டம் நிறைவேறிற்று என்ற குற்றச்சாட்டு அன்றே எழுந்தது. பின்னர் ஆட்சி மாறிற்று. சட்டத்தைத் திருத்துதல் பற்றிய பேச்சும் எழுந்தது.

நோயை அறிந்து கூறும் சட்டத்தை ஏன் வரவேற்கத் தயங்குகிறீர் என்று சிலர் கேட்பர். தயங்குவதற்குக் காரணம் உண்டு. பொய் எது என்று தீர்மானிக்கும் கோலை எவர் கையிற் கொடுக்கிறோம்? இந்நாட்டிலே உண்மையைச் சொன்னவரும் அதே கோலால் அடிபட்டதைக் கண்டிருக்கிறோம்.

கண்டி மாவட்டத்தைச் சேர்ந்த ரம்சி ராசிக் என்ற ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தர், 2020 ஏப்ரலில் முஸ்லிம் மக்களுக்கெதிரான வெறுப்புப் பிரசாரத்தைப் பேனாவினாலும் விசைப்பலகையினாலும் எதிர்க்கவேண்டுமெனத் தம் முகநூற் பக்கத்தில் எழுதினார். தம் பெயரிலேயே எழுதினார். உடனே அவரைத் தூற்றியும் அச்சுறுத்தியும் கருத்துகள் குவிந்தன. பாதுகாப்புத் தேடிப் பொலிசாரிடம் முறையிட்டார். கைது செய்யப்பட்டவர் யார்? அச்சுறுத்தியோரல்லர், முறையிட்டவரே. குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேசச் சமவாயச் சட்டத்தின் கீழ் ஐந்து மாதங்கள் அவர் மறியலில் இருந்தார். அவரின் அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, 10 இலட்சம் ரூபா நட்டஈடு வழங்கப் பணித்தது. மனித உரிமையைக் காப்பதற்கென 2007 இல் இயற்றப்பட்ட சட்டத்தின் கதை இது! பெயரோடு நின்றவன் சிறைக்குப் போனான், பெயரில்லாதவன் வீட்டிலிருந்தான். மாவீரரை நினைவுகூர்ந்து முகநூலில் எழுதியமைக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்த் தடுத்து வைக்கப்பட்ட தமிழ் இளைஞரின் கதையை வேறாக எடுத்துரைக்க வேண்டியதில்லை.

ஆதலால், பெயரை மறைத்தல் யாவும் குற்றம் என்று கூறும் எந்தச் சட்டத்தையும் நாம் ஏற்றுக்கொள்ள இயலாது. யாழ்ப்பாணத்தில் மயில்வாகனம் நிமலராஜன் 2000 ஒக்ரோபர் 19 ஆந் திகதி தம் வீட்டிலிருந்து செய்தி எழுதிக்கொண்டிருந்தபோது கொல்லப்பட்டார். 2006 மே 2 ஆந் திகதி உதயன் பத்திரிகை அலுவலகத்துட் புகுந்தோர் ஊழியர் இருவரைச் சுட்டுக் கொன்றனர். இத்தகைய மண்ணிலே, காணாமற்போன மகனைத் தேடும் தாயும், மேலதிகாரியின் ஊழலை அறிந்த எழுதுவினைஞனும், தனக்கு நேர்ந்த கொடுமையைச் சொல்ல விரும்பும் பெண்ணும் தம் பெயரை மறைத்துப் பேச உரிமையுடையர். பத்திரிகைகளிலே புனைபெயரில் எழுதும் வழக்கம் நமக்குப் பழையது. அது கேடயம்.

அவ்வாறாயின் கேடயத்துக்கும் முகமூடிக்கும் வேறுபாடு யாது? வாக்குச் சாவடியே இதற்கு விடை கூறும். வாக்கு இரகசியமானது. யாருக்கு வாக்களித்தாய் என்று எவரும் கேட்க முடியாது. ஆயினும் ஒருவர் ஒருமுறைதான் வாக்களிக்கலாம். தன் வாக்கை மாத்திரமே அளிக்கலாம். இரகசியம் வாக்காளனைக் காக்கின்றது. ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற விதி ஊரைக் காக்கின்றது. பொதுப் பேச்சுக்கும் இவ்விதியே பொருந்தும். புனைபெயரில் எழுதுபவன் பெயரை மறைத்தாலும் அவன் குரல் ஒன்றுதான். அவன் எழுத்துக்குப் பொறுப்பேற்கப் பத்திரிகாசிரியர் ஒருவர் இருக்கின்றார். நூறு போலிக் கணக்குகளை நடத்துபவனோ நூறு பேராகத் தன்னைப் பெருக்கிக்கொண்டு, மற்றைத் தொண்ணூற்றொன்பது பேரின் இடத்தைக் களவாடுகின்றான். பிறர் பெயரில் எழுதுபவன் அப்பிறரின் வாயையே களவாடுகின்றான். மறைத்தல் வேறு; கள்ள நாணயம் அடித்தல் வேறு. சட்டம் பிடிக்கவேண்டியது பின்னதையே.

இதன்படி செய்யத்தக்கவை சில உண்டு.

முதலாவது, நிறுவனங்களின் கடமை. தம்மால் இயன்றதைச் செய்கிறோம் என்று அவை கூறுகின்றன. 2019 ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் மாத்திரம் 219 கோடி போலிக் கணக்குகளை முடக்கியதாக முகநூல் அறிவித்தது. பெருந்தொகைதான். ஆனால், அங்கே பணியாற்றிய சோபி ஷாங் என்ற பெண்மணி 2021 ஏப்ரலிற் பகிரங்கமாகக் கூறியவற்றையும் கேட்கவேண்டும். ஹொண்டூராஸ் நாட்டுச் சனாதிபதிக்குச் சார்பாகப் போலி ஆதரவு பெருக்கப்படுவதை அவர் 2018 இற் கண்டு அறிவித்தார். நிறுவனம் அதனை நீக்க ஏறக்குறைய ஓராண்டு எடுத்தது. செல்வ நாடுகளுக்கு ஒரு கவனம், ஏழை நாடுகளுக்கு வேறு கவனம் என்பதே அவர் வாக்குமூலத்தின் சாரம். கண்டி எரிந்தபோது சிங்களம் அறிந்த பரிசோதகர் அந்நிறுவனத்திற் போதியளவு இருக்கவில்லை. தமிழுக்கும் சிங்களத்துக்கும் அம்மொழிகளையும் இந்நாட்டையும் அறிந்தவர்களை வேண்டிய தொகையில் நியமிக்க வேண்டும். நீக்கிய வலையமைப்புகளை, நடத்தியோர் யார் என்பது உட்பட, நாடு வாரியாக வெளியிட வேண்டும். விளம்பரப் பணத்தை இங்கிருந்து பெறுவோர் பொறுப்பையும் இங்கேயே ஏற்றல் முறை.

இரண்டாவது, பணத்தைப் பின்தொடரும் சட்டம். 2023 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கத் தேர்தற் செலவின ஒழுங்குபடுத்தற் சட்டம் நம்மிடம் உண்டு. 2024 ஆம் ஆண்டுத் தேர்தல்களில் வேட்பாளர்கள் அதன்படி கணக்குக் காட்ட வேண்டியிருந்தது. துண்டுப்பிரசுரம் அச்சிட்ட செலவைப் போல, சமூக ஊடகத்தில் எவருக்கு, எதற்காக, எத்தனை ரூபா கொடுக்கப்பட்டது என்பதையும் தனித்தனியாகக் காட்டச் செய்தல் வேண்டும். தேர்தற் சுவரொட்டியில் அச்சிட்டோரும் வெளியிட்டோரும் பெயரிடவேண்டும் என்ற விதி எத்தனையோ காலமாக உண்டு. தாளுக்குள்ள விதி திரைக்கு ஏன் இல்லை? இவ்விதியினால் ஒரு சாதாரண குடிமகனின் வாய் அடைபடாது. கூலிக்குக் கூட்டஞ் சேர்ப்போனின் கணக்குப் புத்தகமே திறக்கப்படும். எது பொய் என்று தீர்க்கும் அதிகாரத்தை அரசாங்கத்தின் கையிற் கொடுக்கவும் தேவையில்லை.

மூன்றாவது, தமிழ்க் கட்சிகளின் உறுதிமொழி. தம் பெயராலோ தம் ஆதரவாளராலோ போலிக் கணக்கு நடத்தப்படின் அவரைக் கட்சியினின்றும் நீக்குவோம் என்று ஒவ்வொரு கட்சியும் எழுத்திற் பகிரங்கமாக உறுதி கூறட்டும். பிரதேச சபை உறுப்பினர் முதற் பாராளுமன்ற உறுப்பினர் வரை இதற்குக் கட்டுப்படட்டும். கொழும்பு சட்டம் இயற்றும்வரை காத்திருக்க வேண்டிய காரியமன்று இது. நம் வீட்டை நாம் கூட்டுவதற்கு எவர் அனுமதி வேண்டும்?

நான்காவது, நாம். விருப்பக் குறிகளின் எண்ணிக்கையைக் கண்டு ஒரு கருத்தை மெய்யென்று கொள்ளும் பழக்கத்தை விடவேண்டும். இதை எழுதியவர் யார், எப்போது கணக்குத் திறந்தார், இதற்கு முன் என்ன எழுதினார், நமக்குத் தெரிந்த எவருக்கேனும் அவரைத் தெரியுமா என்று கேட்கவேண்டும். வட்ஸ்அப்பில் வந்ததை அடுத்தவருக்கு அனுப்புமுன் ஒரு நாழிகை பொறுக்கவேண்டும். பொட்டுக்கு மூளை இல்லை. நம் விரல்களையே அது கடன் வாங்குகின்றது. நாம் அனுப்பாதுவிடின் அதன் பொய் பெரும்பாலும் அதன் வாயிலேயே மடிந்துவிடும்.

இவ்வலையில் வேலை செய்வோர் யார் என்பதையும் இளைஞர் அறிந்திருத்தல் நன்று. நல்ல உத்தியோகம் என்று நம்பித் தாய்லாந்து போன இலங்கையர் பலர் மியன்மாரின் மியாவடிப் பகுதியில் இணைய மோசடி முகாம்களில் அடைக்கப்பட்டு, பிறர் முகங்களோடு போலிக் கணக்குகளை நடத்துமாறு வருத்தப்பட்டனர். 2024 இலும் 2025 இலும் அவர்களுட் பலர் மீட்கப்பட்டனர். திரைக்கு அப்பால் அன்பொழுகப் பேசும் போலி முகத்தின் பின்னால், அடியுதை பட்டு விழித்திருக்கும் ஓர் ஏழைத் தாயின் பிள்ளை இருக்கக் கூடும். ஏமாற்றுவோனையும் அடிமையாக வைத்திருக்கும் தொழில் இது.

மானிப்பாய்க்கு ஒரு பழம்பெருமை உண்டு. இங்கு நிறுவப்பட்ட அமெரிக்க மிஷன் அச்சகத்தின் காலத்தில், 1842 இல், 58,000 க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட தமிழகராதி வெளிவந்தது. சந்திரசேகர பண்டிதர் முதலானோரின் உழைப்பில் உருவாகிய அந்நூலை மானிப்பாய் அகராதி என்றே இன்றும் அறிஞர் வழங்குவர். சொல்லுக்குப் பொருள் கூறுவோர், அப்பொருளுக்குத் தாம் பொறுப்பு என்று ஊரின் பெயரையும் அதனோடு நிற்க விட்டனர். நூற்றெண்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அப்பெயரை நாம் நம்புகிறோம். பொறுப்பேற்றமையால் வந்த நம்பிக்கை அது.

மருதடிப் பிள்ளையாரின் தேர்வடம் பிடிக்க இல்லாத மனிதரின் கைகள் உதவா. வடத்தில் எத்தனை கைகளோ அத்தனை பலந்தான் தேருக்கு. நமது உரிமைத் தேரும் அத்தகையதே. நாளை ஒரு நியாயத்தைக் கேட்டு உலகத்தின் முன் நாம் நிற்கும்போது, இவர்களிற் பாதிப்பேர் போலிகள் என்று எவரும் கைகாட்டிவிடக் கூடாது. நம் தொகை சிறிதாக இருக்கலாம். அது மெய்யான தொகையாக இருக்கட்டும். உள்ளவர் பேசட்டும், அஞ்சுபவர் கேடயத்தின் பின்னிருந்தாவது பேசட்டும். இல்லாதவர் பேச வேண்டாம்.